மேசை கூடி முடிவு செய்த செல்லப்பெயர்

கொலோன்,
ஜூன் 11, 1962

அன்புள்ள லோரன்ஸுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வைத்துவிட்டு வந்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

ஸ்டீனா அக்காவுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பெட்டிக்கடையில் மேல்தட்டிலிருந்து சிகரெட் எடுக்க ஏணியில் ஏறியவள், ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆளோடு வம்பளந்துகொண்டே ஏறியிருக்கிறாள். இவளுக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. கையை விட்டாள், விழுந்தாள். இப்போது மாடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு போடுகிறாள். கட்டு காலில்தான், வாயில் இல்லை. ஆறு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். அதுவரை கடை என் பொறுப்பு.

இந்த ஊர் எப்படிப் பேசும் என்பதையே நான் மறந்துபோயிருக்கிறேன், லோரன்ஸ்! ஸ்டேஷனில் இறங்கி டிராம் ஏறப் போனேன். பெட்டி கனம். கண்டக்டர் கையை நீட்டி, "ஏறு செல்லம், பெட்டிய நான் பிடிச்சுக்கறேன்" என்றார். பின்னால் ஏதாவது குழந்தை நிற்கிறதோ என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான்! காய்கறிக்காரி, "தங்கம், இந்த முள்ளங்கிய எடு, அது வேணாம்" என்கிறாள். அம்மா கல்லறைக்குப் பூ வைக்கப் போனால், குழி வெட்டுகிற ஆள்கூட, "பாத்து நட கண்ணு, ஈரமா கெடக்கு" என்கிறார்.

எல்லர்பாக்கில் உன்னோடு பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தி நான் கேட்டதெல்லாம் "ஏய்", "இந்தா", "கேக்குதா". கல்யாணத்தன்று புது உடுப்பில் உன் முன்னால் வந்து நின்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாய். நான் அழுதுகொண்டே பாபெட்டின் பீர்க்கடைக்குள் ஓடினேன். அவள்தான், "அடி பைத்தியமே, நம்ம ஃபிராங்கன் நாட்டுல அதுக்கு மேல ஒசத்தியா ஒரு வார்த்தையே கெடையாதுடி" என்று என்னைத் தேற்றினாள்.

சரி, போகட்டும். ரொட்டியை மூடி வை. குளத்துக் கெண்டை மீன்களை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் லோனி

*

எல்லர்பாக்,
ஜூலை 2

லோனிக்கு,

கடிதம் வந்தது. பரவாயில்லை.

முழங்கால் இருந்தபடி இருக்கிறது. தைலம் தேய்த்தேன். நாறுகிறது. கெண்டைகள் நன்றாகத் தின்கின்றன. மேல்குளத்தில் தண்ணீர் குறைவு. நாரை ஒன்று தினமும் வந்து நிற்கிறது, திருட்டுப்பயல். உன் அக்கா நலம் என்று நினைக்கிறேன்.

அந்தக் கண்டக்டருக்கு என்ன வயது?

லோரன்ஸ்

*

கொலோன்,
ஜூலை 23

அன்புள்ள லோரன்ஸுக்கு,

நலம். நலமறிய ஆவல். கண்டக்டருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, தலை வழுக்கை, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் எல்லாரையும்தான் செல்லம் என்கிறார். நேற்று ஒரு போலீஸ்காரரை "டிக்கெட் எடுத்தாச்சா, செல்லம்?" என்று கேட்டதை நானே பார்த்தேன். போலீஸ்காரரும், "எடுத்துட்டேன் தங்கம்" என்றார். இங்கே அது கொட்டாவி மாதிரி. ஒருவர் விட்டால் அடுத்தவரும் விடுவார்.

எனக்கும் தொற்றிக்கொண்டது. கடை ஜன்னலைத் திறந்தால் வரிசையாகத் தலைகள். நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "என்ன வேணும் செல்லம்?" செய்தித்தாள். "உனக்கு என்ன வேணும் செல்லம்?" பன். இப்படியே பகல் ஓடிவிடுகிறது. வாய் வலிக்கிற அளவுக்குப் பேசுகிறேன். இங்கே நான் வாயைத் திறந்தால் யாரும் சிரிப்பதில்லை. எல்லர்பாக்கில் இன்றைக்கும் நான் "அந்தக் கொலோன்காரி"தானே? யுத்தத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அன்று வைத்த பெயர் அது.

அக்காவின் கட்டைப் பிரித்தாயிற்று. ஆனால் நொண்டுகிறாள். தனியாகக் கடை நடத்த முடியாது. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் பக்கத்து அறை அக்டோபரோடு காலியாகிறது. "நீ இங்கயே இருந்துடேன், லோனி. கடைய ரெண்டு பேரும் பாத்துக்கலாம். அவனையும் கூட்டிட்டு வா" என்கிறாள். நான், "அவன் குளத்த எதுல கட்டி எடுத்துட்டு வருவான்?" என்றேன். "அப்ப அவன விட்டுட்டு வா" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முழுக்கச் சிரிப்பில்லை. வீட்டுக்காரர் நவம்பர் முதல் தேதி, அனைத்துப் புனிதர் திருநாளுக்குள் பதில் கேட்கிறார்.

நீ என்ன சொல்கிறாய்? எழுது.

உன் லோனி

*

எல்லர்பாக்,
ஆகஸ்ட் 27

லோனிக்கு,

கடிதம் வந்து நாளாயிற்று. இங்கே வேலை.

நாரை ஒன்றல்ல, இரண்டு. பம்பு பழுதானது, பார்த்துவிட்டேன். கோயில் திருவிழா முடிந்தது. கம்பம் நட்டோம். கோணலாக நிற்கிறது. கசாப்புக்கடை ஷோர்ஷ், "இல்லை, நேராகத்தான் நிற்கிறது" என்கிறான். உன் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். தக்காளி காய்த்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். அங்கே உனக்கு நன்றாக இருக்கிறது போலிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

லோரன்ஸ்

*

கொலோன்,
செப்டம்பர் 3

லோரன்ஸ்,

நாரை எத்தனை என்று கேட்டேனா? கம்பம் எப்படி நிற்கிறது என்று கேட்டேனா? ஒரு மாதம் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். வந்தது தக்காளி!

நான் இங்கேயே இருக்கட்டுமா, அங்கே வரட்டுமா என்றுதானே கேட்டேன். வாயில் கொழுக்கட்டையா? பதினாறு வருஷத்தில் அன்பாக ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா? கெண்டைக்குத் தீனி போடும்போது அவற்றோடு பேசுகிறாயே, நான் கேட்டிருக்கிறேன். என்னை அந்த வரிசையில்கூட வைக்க மாட்டாயா?

எனக்கு உடம்பு நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

லோனி

*

எல்லர்பாக்,
செப்டம்பர் 18

என் உயிரினும் இனிய எலிக்குட்டிக்கு,

இலையுதிர்காலத்தின் பொற்கதிர்கள் நீர்நிலைகளின்மீது நர்த்தனமாடும் இவ்வேளையில், என் எண்ணங்கள் சிறகு முளைத்து ரைன் நதியை நோக்கிப் பறக்கின்றன. என் முயல்குட்டியே, உன் உடல்நலம் எவ்வாறுள்ளது? என் சிட்டுக்குருவியே, உன் உறக்கம் எவ்வாறுள்ளது? உன் தமக்கையாரின் பாதம் எவ்வாறுள்ளது?

நீ இல்லாத இல்லம் நிலவில்லாத வானம். நீ இல்லாத மேசை உப்பில்லாத பண்டம். ஓ, என் நத்தையே! உன் மெல்லிய கொம்புகளை என் திசை நோக்கி நீட்ட மாட்டாயா?

முழங்கால் இருந்தபடி இருக்கிறது. மீன் பிடிக்க மேல்குளத்தை அக்டோபர் இருபதாம் தேதி வடிக்கிறோம்.

என்றென்றும் உன்
கரடிக்குட்டி லோரன்ஸ்

*

கொலோன்,
செப்டம்பர் 24

லோரன்ஸ்!

என்ன ஆயிற்று? உண்மையைச் சொல். நெஞ்சுவலியா? டாக்டர் ஏதாவது சொன்னாரா? குளத்தை விற்றுவிட்டாயா? அம்மா கொடுத்த பீங்கான் தட்டுகளை உடைத்துவிட்டாயா? உடைத்திருந்தால் பரவாயில்லை, நான் திட்ட மாட்டேன். திட்டுவேன், ஆனால் மன்னித்துவிடுவேன்.

உன் கடிதத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கொம்பு நீட்டச் சொன்ன இடத்தில் அவள் காபியைத் துப்பிவிட்டாள். பிறகு முகம் மாறிப்போய், "லோனி, இப்படி எழுதற ஃபிராங்கன்காரன் ஒண்ணு சாகக் கெடக்கணும், இல்ல வேற ஒருத்திய வெச்சிருக்கணும்" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "நர்த்தனம்" என்று எழுதியிருக்கிறாய், லோரன்ஸ். திருவிழாவில் ஒரு தடவையாவது ஆடியிருப்பாயா நீ?

இதைக் கண்டவுடன் பதில் போடு. உடம்பு எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. பாபெட்டுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன், நீ பொய் சொன்னால் தெரிந்துவிடும்.

உன் லோனி

*

எல்லர்பாக்,
அக்டோபர் 1

அன்புத் தோழி லோனிக்கு, பாபெட் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் அக்கா காலுக்கு ஒரு வேண்டுதல் போட்டிருக்கிறேன். முதலில் நீ மூச்சை விடு. உன் புருஷன் சாகவில்லை. அவனுக்கு வேறு பெண்ணும் இல்லை, அந்த மூஞ்சிக்கு ஒருத்தி கிடைத்ததே பெரிய விஷயம். தட்டுகளை நான் போய்ப் பார்த்தேன். எல்லாம் இருக்கின்றன. ஒன்றுகூடக் கழுவப்படவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை என் கடையில் அந்த மூலை மேசை ஆட்கள் கூடுவது உனக்குத் தெரியும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து மூன்று வார்த்தை பேசுவார்கள். அன்றைக்கு உன் லோரன்ஸ் சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "நீங்கள்லாம் வீட்டுல என்னன்னு கூப்பிடறீங்க?" என்றான். நான் கோப்பை கழுவுகிற மாதிரி கதவுக்குப் பின்னால் நின்றேன், தண்ணீரைத் திறக்காமல்.

இரண்டாவது கோப்பை போன பிறகு தபால்காரன் எர்ஹார்ட், "நத்தை" என்றான். "எதுக்குய்யா நத்தை?" "தெரியல. கல்யாணத்துக்கு முன்னாடியே நத்தைதான்." அவன் பெண்டாட்டி நடந்தால் ஊரே ஒதுங்கி வழிவிடும், உனக்குத் தெரியாததா! அடுத்தது ஷோர்ஷ். ஒற்றை ஆளாக ஒரு பன்றியைத் தூக்கித் தோளில் போடுகிறவன். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "என்னைய அவ முயல்குட்டிம்பா" என்றான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வாத்தியார் ட்ராட்னர், "நாலு பிள்ளைக்கு அப்புறம் நானும் அவளை அம்மான்னுதான் கூப்பிடறேன். அவ என்னை அப்பாங்கறா. நாய் பேர மட்டும்தான் சரியாச் சொல்றோம்" என்றார்.

அப்புறம் உனக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தார்கள். ஆமாம், கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள்! எலி ஜெயித்தது. சிட்டுக்குருவியும் ஜெயித்தது. வண்டு தோற்றது. உருளைக்கிழங்கு வயலில் வண்டு விழுந்த வருஷத்தை ஷோர்ஷ் ஞாபகப்படுத்திவிட்டான். நத்தை ஒரே ஒரு ஓட்டில் தப்பித்தது, அதுவும் எர்ஹார்ட் கண் கலங்கினதால். உன் புருஷன் தானாக ஒரே ஒரு பெயர்தான் சொன்னான். "கெண்டைன்னு எழுதலாமா?" மேசையே எகிறி விழுந்தது. "பொண்டாட்டிய மீனுங்கறியேடா, அறிவு இருக்கா!" அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "கெண்டையில என்ன கொறை? அதவிட அழகா நான் என்னத்தப் பாத்திருக்கேன்?" என்றான். ஓட்டில் தோற்றுவிட்டான். பிறகு வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினான். முழங்காலும் குளமும் மட்டும் அவனே எழுதியது.

இதை அவன் உன்னிடம் சொல்ல மாட்டான், நான் சொல்கிறேன். எல்லாரும் போன பிறகு காலிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். "வாடீன்னு ஒரு வரி எழுதிப் போடேன், லோரன்ஸ்" என்றேன். அவன் சொன்னான்: "எப்படி எழுதறது பாபெட்? அங்க தெருவுல போறவன்லாம் அவளைச் செல்லங்கறான், தங்கங்கறான். இங்க பதினாறு வருஷம் சேத்துல நின்னு மீன் பொறுக்கினா. அவ திரும்பி வந்து என்னத்தக் கேக்கப் போறா? என் இருமலையா? நான் கூப்பிட்டா அவ வந்துருவா. அதான் கூப்பிட பயமா இருக்கு." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வழக்கமாகக் கதவைச் சாத்துவான், அன்றைக்குச் சாத்தவில்லை.

வருவதும் இருப்பதும் உன் இஷ்டம். நீ இல்லாமல் எனக்கும் வம்பளக்க ஆளில்லை. இதை நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் பாபெட்

*

கொலோன்,
அக்டோபர் 5

லோரன்ஸுக்கு,

பாபெட் எல்லாம் எழுதிவிட்டாள். அவள் சொன்னதாகச் சொல்லக்கூடாதாம், அதனால் அவளிடம் கேட்காதே.

எனக்கு எலி வேண்டாம், குருவி வேண்டாம். நத்தையை எர்ஹார்ட்டிடமே திருப்பிக் கொடுத்துவிடு. கெண்டையை நீ விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது. அதைப் படித்துவிட்டுக் கடை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். வெளியே ஒருத்தர், "செய்தித்தாள் கெடைக்குமா செல்லம்?" என்று தட்டிக்கொண்டே இருந்தார்.

செல்லம் என்பதை இங்கே டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுக்கிறார்கள், லோரன்ஸ். முதல் வாரம் இனித்தது. நாலு மாசமாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்டக்டருக்கு என் பெயர் தெரியாது.

கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று பயப்படுகிறாயாம். முட்டாளே, அதற்குத்தானே நான் ஜூலையிலிருந்து காத்துக்கிடக்கிறேன்! கூப்பிடாத வீட்டுக்கு எப்படித் திரும்பி வருவேன்? அன்றைக்கு எல்லர்பாக்கில் என்னைக் கொண்டுவந்து இறக்கியது அரசாங்கம். இந்தத் தடவையாவது யாராவது கூப்பிட்டு நான் வர வேண்டும். வீட்டுக்காரர் நேற்று மறுபடியும் கேட்டார். அக்கா அறைக்குத் திரைத்துணி எடுத்து வைத்திருக்கிறாள்.

நான் வர வேண்டுமா, வேண்டாமா? நீ சொல். வாத்தியார் சொல்லக்கூடாது, மேசை ஓட்டுப் போடக்கூடாது. இந்த மாதக் கடைசிவரை பார்ப்பேன். அதற்குமேல் திரைத்துணியை மாட்டிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தட்டுகளைக் கழுவு.

லோனி

*

கொலோன்,
அக்டோபர் 16

பாபெட்,

நலமா? நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பத்து நாளாகப் பதில் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது என்று ஞாயிற்றுக்கிழமை திரைத்துணியின் ஓரம் மடித்துத் தைக்க உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தாள் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்கும், பார்த்துக்கொள்.

நேற்றுக் காலை நல்ல மழை. ஜன்னலுக்கு வெளியே வரிசை. நான் தலையைக் குனிந்தபடி சில்லறையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் சிகரெட் வாங்கிக்கொண்டு, "வரேன் தங்கம்" என்று ஒதுங்கினார். அடுத்த ஆளின் நிழல் விழுந்தது.

"என்ன வேணும் செல்லம்?"

நான் சில்லறையை எண்ணி முடித்தேன்.

"சொல்லுங்க, பின்னாடி ஆளுங்க நனையறாங்க. என்ன வேணும்?"

"நீதான்."

எனக்குக் கையிலிருந்த காசு சிதறிவிட்டது. சவ அடக்கத்துக்கு மட்டும் போடுவானே அந்தக் கறுப்புக் கோட்டு, அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வரிசையில் நின்று முறைப்படி வந்திருக்கிறான், பாபெட்! முண்டியடித்து முன்னால் வரவில்லை. ஐந்தாறு பேருக்குப் பின்னால் நின்று, நான் ஒவ்வொருத்தரையும் செல்லம் செல்லம் என்பதைக் காதால் கேட்டுக்கொண்டே நகர்ந்து வந்திருக்கிறான்.

எனக்குக் கேட்க வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. "குளத்த யார் பாக்கறா?" என்றேன்.

"ஷோர்ஷ்."

"ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே."

"எழுதத்தான் உக்காந்தேன். நாலு நாள் ஆயிருச்சு. ரயிலு சீக்கிரமா இருந்துச்சு."

பின்னால் ஒரு அம்மாள், "ஐயா, வேற ஏதாவது வேணும்னா கேளுங்க, இல்லேன்னா தள்ளி நில்லுங்க" என்றாள். கண்டக்டர் டிராமுக்குப் போகாமல் அங்கேயே நின்றுகொண்டு, "ஏன் செல்லம், யாரு இந்த ஆளு?" என்று கேட்கிறார். லோரன்ஸ் அவர் பக்கம் திரும்பினான். வழுக்கைத் தலையை ஒரு பார்வை பார்த்தான். ஜூனிலிருந்து அவனுக்கு இருந்த ஒரு கவலை அந்த நிமிஷத்தில் தீர்ந்ததைப் பார்த்தேன். "இவ புருஷன்" என்றான்.

பிறகு ஜன்னலுக்குள் தலையை நீட்டினான். மெதுவாகப் பேசுகிறதாக அவனுக்கு நினைப்பு. தெருவுக்கே கேட்டது. "வீட்டுக்கு வா, லோனி. நீ இல்லாம என்னால முடியல. உன் சத்தம் இல்லாம அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. உனக்கு இங்கதான் நல்லா இருக்குன்னா இரு, நான் சண்ட போடல. ஆனா கேக்காம இருந்துட்டேன்னு நீ நெனச்சுக்கக் கூடாது. கேட்டுட்டேன்."

வரிசையில் நின்ற கொலோன்காரர்கள், பாபெட், ஒரு நிமிஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்! நான் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினேன். அதற்குமேல் உனக்கு எழுத மாட்டேன்.

அக்கா மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டின்போது அவனிடம், "நீ எழுதின அந்த லெட்டர நான் கண்ணாடி போட்டு மாட்டப்போறேன்" என்றாள். அவனுக்குக் காது சிவந்துவிட்டது. அப்புறம் அவள் அழுதாள், நானும் அழுதேன். பக்கத்து அறைக்குக் காய்கறிக்காரியின் மகள் வருகிறாள், கடையிலும் கூட இருப்பாள். கிறிஸ்துமஸுக்கு அக்காவை எல்லர்பாக்குக்குக் கூட்டிவருவதாக லோரன்ஸே வாயைத் திறந்து சொன்னான். ஊர் தாங்குமா என்று தெரியவில்லை.

நாங்கள் வியாழக்கிழமை ரயிலில் வருகிறோம். இருபதாம் தேதி குளத்தில் நான் நிற்பேன் என்று ஷோர்ஷிடம் சொல்லிவை. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, அந்தத் தட்டுகளைக் கொஞ்சம் ஊறப்போட்டுவை.

ஜன்னலில் அவன் சொன்னதை மட்டும் அந்த மேசைக்குச் சொல்லிவிடாதே, பாபெட். அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கடிதத்தை அக்கா, காபி, கண்ணாடிச் சட்டம் என்று எல்லாருமாகப் பங்கு போட்டுக்கொண்டாயிற்று. இது அவனாகச் சொன்னது. இதை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

உன் லோனி